ஒரு போட்டும் இல்லாத கடல்

சர்வே போட் ஓட்டப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸிலிருந்து போன் செய்தார்கள். என்ன எழுதுவது? லைஃப் ஜாக்கெட் எத்தனை, பெட்ரோல் கேன் எத்தனை, கயிறு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஷெட் சுவரில் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறது. அதில் பாதி நான் சொல்லி எழுதியதுதான். அதையே திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட விடாமல் செய்த ஒரு நாளில்தான் நான் மூன்று உயிரைக் கடல் நடுவில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். "கிளம்பும் முன் காலையில் இன்னொரு முறை வானிலை பார்" என்ற கடைசி வரி அன்றைக்குப் பட்டியலில் கிடையாது. அது அப்புறம் சேர்த்தது. ஏன் சேர்த்தோம் என்பதைச் சொல்கிறேன். எனக்கே இன்னும் சில விஷயம் பிடிபடவில்லை. அதனால் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மீனவக் குப்பத்துப் பிள்ளை இல்லை. மரக்காணத்தில் உப்பளக் குடும்பம். அப்பா, அம்மா இரண்டு பேரும் பாத்தியில் உப்பு வாரியவர்கள். ஐ.டி.ஐ.யில் என்ஜின் வேலை படித்து, போட் என்ஜின் ரிப்பேருக்கு வந்து, அப்படியே போட் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். ஆரம்பத்தில் குப்பத்து ஆட்கள் என்னை ஓட்டாத நாள் இல்லை. "இன்னாப்பா, கடலையும் பாத்தி கட்டி வாரலாம்னு வந்துட்டியா?" என்பார்கள். அந்தக் கேலிக்கு ரோஷப்பட்டுத்தான் அவர்களுடைய வழக்கத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த ஊரில் எந்த நாள் தொழிலுக்குப் போக மாட்டார்கள், அம்மன் கோயிலில் கொடி ஏறினால் எத்தனை நாள் வலை இறங்காது, ஊரில் சாவு விழுந்தால் எப்போது மறுபடி போட்டைத் தள்ளலாம், எல்லாம் எனக்கு அத்துப்படி. போகப் போக அதில் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. அது மிதக்க உதவாத மிதப்பு என்று அப்போது தெரியவில்லை.

ஐப்பசி பிறக்கிற சமயம். பெரிய முதலியார்சாவடியிலிருந்து வடக்கே கரையோரமாகவே போய், அங்கங்கே நின்று கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மரக்காணம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு முழுநாள் வேலை. போட்டில் மூன்று பேர். சுக்கானில் நான். முன்னால் செல்வம், என்னைவிட நாலைந்து வயது சின்னவன், பெரிய முதலியார்சாவடிக்காரன், பிறந்ததே கடல் ஓரத்தில். நடுப்பலகையில் பாட்டில் பெட்டியோடு சர்வே மேடம். திண்டிவனம் பக்கத்தில் உள்ளடங்கின ஊர், விவசாயக் குடும்பம். நீச்சல் தெரியாது, ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளவும் வெட்கப்படாத ஆள். அவர் லைஃப் ஜாக்கெட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டார். நானும் செல்வமும் எங்களுடையதை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டோம். சிரிக்காதீர்கள், நாளைக்கு நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

வானிலையை முந்தின நாள் சாயங்காலம் பார்த்தேன். லேசான காற்று என்றுதான் இருந்தது. விடிந்தும் விடியாமலும் போட்டைத் தள்ளினோம். இன்னொன்றும் செய்தேன். மூன்று பேர் போனையும் வாங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவை என் காலடியில் கட்டிவிட்டேன். அதற்கு முந்தின மாதம்தான் ஒருத்தர் போட்டோ எடுக்கிறேன் என்று போனைக் கடலுக்குக் கொடுத்திருந்தார். அவசரத்துக்குப் போன் நனையாமல் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். நல்ல சட்டம்தான், இப்போதும் சொல்கிறேன்.

கடல் தண்ணித் தொட்டி போல அசையாமல் கிடந்தது. மேடம் ஒவ்வொரு இடமாகப் பாட்டில் பிடித்து மார்க்கரால் எழுதிக்கொண்டு வந்தார். கீழ்புத்துப்பட்டுக்கு நேரே வந்தபோது செல்வம் எழுந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

"இன்னாண்ணே, ஒரு போட்டும் காணோம்?"

நானும் பார்த்தேன். உண்மைதான். அந்த நேரத்துக்கு அங்கே பத்திருபது போட்டாவது வலை இழுத்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்கெட்டின வரை கடல் காலி. எனக்கு ஒரு வினாடிகூட யோசனை வரவில்லை. பதில் கையிலேயே இருந்தது.

"அனுமந்தைல பஞ்சாயத்து பெரியவர் ஒருத்தர் தவறிட்டாருடா. நேத்து வரும்போது ரோட்ல பேனர் பாத்தேன். இன்னிக்குத்தான் எடுக்கிறாங்க. அடக்கம் முடியிற வரைக்கும் யாரும் தொழிலுக்கு வர மாட்டாங்க."

"அனுமந்தைல சாவுன்னா அனுமந்தை போட்டுதானே நிக்கணும்? இங்க இருக்கிறவன் ஏன் நிக்கிறான்?"

"பெரிய மனுஷன்டா. பொண்ணு குடுத்தது, எடுத்ததுன்னு சுத்துப்பட்டு குப்பம் பூரா சொந்தக்காரங்க. மரியாதைக்கு நிப்பாங்க."

மீனவனுக்கே மீனவர் வழக்கத்தை உப்பளத்துக்காரன் விளக்கிக்கொண்டிருந்தேன். செல்வம் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது பொய்யும் இல்லை, அப்படி நிற்கிற ஊர்களும் உண்டு. இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் குழப்பம். தெரியாதவன் என்றால் காலியான கடலைப் பார்த்துப் பயந்திருப்பான். எனக்குக் காரணம் தெரிந்திருந்ததால் பயம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேடம், "டிரைவர் அண்ணா, போனைக் குடுங்களேன், ஒரு மெசேஜ் பாத்துக்கிறேன்" என்றார். "கரை ஏறினதும் தர்றேன் மேடம்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ அதிருற மாதிரி இருக்குதுங்க" என்றார். "என்ஜின் அதிர்வு மேடம்" என்றேன். என் காலடியில் டப்பாவுக்குள் மூன்று போனும் மாறி மாறி அதிர்ந்துகொண்டிருந்திருக்கின்றன. நாங்கள் கிளம்பிச் சிறிது நேரத்திலேயே கரையோர ஊர்களிலெல்லாம் மைக்கில் சொல்லியிருக்கிறார்கள், பலத்த வாடைக்காற்று வரும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று. முன்னாலேயே போயிருந்த போட்டுகளையும் போன் போட்டுத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். ஆபீஸிலிருந்து விடாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

அனுமந்தைக்கு நேரே வரும்போது வடகிழக்கில் வானம் கறுத்துவிட்டது. காற்று முதலில் முகத்தில் பட்டது, பிறகு நெஞ்சில் இடித்தது. அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் எழும்ப ஆரம்பித்தது. போட்டின் முன்பக்கம் தூக்கித் தூக்கி அடித்தது. நானும் செல்வமும் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டோம். அதைப் பார்த்துத்தான் மேடத்துக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். பாட்டில் பெட்டியை விட்டுவிட்டுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கரையைப் பார்த்தேன். அனுமந்தை மணலில் நல்ல கூட்டம். வெடி வெடிக்கிற புகை தெரிந்தது. யாரோ ஒருத்தர் தண்ணீர் ஓரத்தில் நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி ஆட்டினார்.

"வரச் சொல்றாங்கண்ணே" என்றான் செல்வம்.

"சவ ஊர்வலம் போவுதுடா. கிட்ட வராதேன்னு ஆட்டுறாங்க."

"வராதேன்னா ஏன் அப்பிடி சுத்துறான்?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று வாயில் வரவில்லை. சுக்கானைப் பிடித்திருப்பவன் அப்படிச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் இந்த போட்டை ஓட்டிய சீனியர் ஒருத்தர் இருந்தார். எவ்வளவு பெரிய சிக்கலிலும் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார். அவரைப் பார்த்துத்தான் நானும் அப்படி இருக்கப் பழகினேன். அவருக்கு உள்ளே என்ன ஓடியது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எதிரே மூன்று வழி இருந்தது. ஒன்று, திரும்பி வந்த வழியே போவது. காற்று முதுகில் இருக்கும், ஆனால் தூரம் அதிகம். எதிர்க்காற்றில் என்ஜின் பெட்ரோலைக் குடித்துவிட்டிருந்தது, கொண்டுவந்த இரண்டு கேனில் இரண்டாவதும் பாதிக்குக் கீழே. இரண்டு, அனுமந்தையிலேயே அலையைத் தாண்டிக் கரையேறுவது. ஆனால் அங்கே அலை கரைக்கு முன்னால் மூன்று வரிசையாக உடைந்துகொண்டிருந்தது. நீச்சல் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு அதற்குள் போக மனம் வரவில்லை. மூன்று, இன்னும் வடக்கே போய் மரக்காணம் முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிடுவது. உள்ளே கழிவெளி ஏரித் தண்ணீர் அசையாமல் இருக்கும். அது என் ஊர். சின்ன வயதில் அங்கே ஆடாத ஆட்டம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நுழைவேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. போட்டின் மூக்கை வடக்கே வைத்தேன்.

ஐந்து நிமிஷம் போயிருப்போம். பத்து நிமிஷமாகவும் இருக்கலாம். அனுமந்தைக் கூட்டம் நகரவே இல்லை, அதாவது நாங்கள்தான் நகரவில்லை. ஒரு அலை உள்ளே வந்து விழுந்தது. செல்வம் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான். மேடம் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணா, எது சேஃப்புங்க?"

சாதாரணமான கேள்வி. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு வடக்கேயே போயிருப்பேன். அவர் கேட்ட விதத்தில், நான் சொல்வதை அப்படியே நம்பப் போகிறார் என்பது தெரிந்தது. அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

"தெரியல மேடம்" என்றேன். "எனக்குத் தெரியல. முகத்துவாரத்துக்குள்ள பூந்துடலாம்னு போறேன். சரியான்னு தெரியல."

"முகத்துவாரமா?" என்றார் மேடம். "அது மூடியிருக்குதுங்களே அண்ணா! போன வாரம்தான் ரோட்டு வழியா போயி அளந்துட்டு வந்தேன். மண்ணு மேடு கட்டிட்டு நடுவுல முழங்கால் தண்ணிதான் ஓடுது."

"ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்க போறீங்கன்னே சொல்லலையேங்க."

மழைக்கு முன்னால் முகத்துவாரம் மூடிக்கொள்ளும் என்பது மரக்காணத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த மண்மேட்டில் போய் முட்டியிருந்தால் பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழ்ந்திருப்போம். சுற்றுவட்டாரத்தில் இழுத்துப் போட ஆளும் இருந்திருக்காது.

செல்வம் இறைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். இவ்வளவு நேரமும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது கரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது, உண்மையில் நாலைந்து அலைதான் இருக்கும்.

"அண்ணே, அந்தக் கூட்டத்துக்கு இந்தாண்ட பாரு. அலை உடையாம ஒரு சந்து கறுப்பா தெரியுதா? அங்க ஆழம் இருக்குது. பெரிய அலை மூணு வுட்டுட்டு பின்னாலயே போவலாம். நான் சொல்லும்போது முறுக்கு, அதுவரைக்கும் முறுக்காத."

"கரை தட்டுமேடா."

"தட்டும். நான் குதிச்சு மூக்கைப் புடிச்சுக்கிறேன்."

அதற்கப்புறம் அவன் சொன்னதை மட்டும் செய்தேன். போட்டைத் திருப்பினேன். மேடத்தைத் தரையில் உட்காரச் சொல்லி, "எது நடந்தாலும் ஜாக்கெட்டை அவுக்காதீங்க" என்றேன். ஒரு அலை, இரண்டாவது, மூன்றாவது. "முறுக்குண்ணே!" என்று கத்தினான். அலையின் முதுகுக்குப் பின்னாலேயே கறுப்புத் தண்ணீரில் போனோம். இரண்டு வரிசை தாண்டிவிட்டோம். மூன்றாவதில் நான் தப்பு செய்தேன். ஆழம் குறைந்ததும் பின்னால் மாட்டியிருக்கிற என்ஜினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும், நான் ஒரு மூச்சு தாமதமாகத் தூக்கினேன். என்ஜின் விசிறி மணலில் மாட்டியது. செல்வம் ஏற்கெனவே குதித்து முன்பக்கத்தைப் பிடித்திருந்தான். பின்னால் வந்த அலை போட்டின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பியது. முழு போட்டும் அவன் தோளில் வந்து இடித்தது. அவன் கத்தின சத்தம் எனக்குக் கேட்டது, அவன் தலை தெரியவில்லை.

அப்போதுதான் கரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போனவர்கள் பாடையை மணலில் இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் வந்தார்கள். பிணத்தை வழியில் இறக்கக்கூடாது, அடக்கம் ஆகும்வரை போட்டைத் தொடக்கூடாது என்று எனக்கு யார் யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். அந்த ஊரே அதையெல்லாம் மறந்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றது. முதலில் வந்தவன் தலை மழித்து ஈரவேட்டி கட்டியிருந்தான், செத்தவருடைய மகன். செல்வத்தை அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தது அவன்தான். இரண்டு பேர் மேடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் போட்டை மேட்டுக்கு இழுத்தார்கள்.

நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை வழியில வெச்சிட்டு வந்துட்டியேப்பா" என்று உளறினேன்.

"அப்பா காத்துனு இருப்பாருங்க" என்றான். "நீங்க மொதல்ல மேல ஏறுங்க."

ஒன்றைத் தெரிந்துகொள்ள நான் பல நாள் அலைந்தேன். வெள்ளைத் துண்டு ஆட்டியவர் எதற்காக ஆட்டினார்? ஆபீஸில், பலத்த காற்று வருது, கரைக்கு வா என்றுதான் ஆட்டியிருப்பார்கள் என்றார்கள். அனுமந்தைப் பஞ்சாயத்தில் ஒருத்தர், "இங்க ஏத்தாத, அலை மோசம், தெக்க போன்னு ஆட்டினாங்க" என்றார். அந்த மகனையே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெடி போடுறவன் காத்துல நெருப்புப் பொறி பறக்க வுட்டான், தள்ளிப் போங்கடான்னு யாராவது ஆட்டியிருப்பாங்க" என்றான். யார் ஆட்டியது என்று அவனுக்கும் தெரியவில்லை. அதனால் கரையில் துண்டு ஆட்டினால் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கடலில் ஏதோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அதற்கு நல்ல காரணம் ஒன்று உங்கள் மண்டையில் தயாராக இருந்தால், அந்தக் காரணத்தை முதலில் சந்தேகப்படுங்கள். போன் டப்பாவைத் திறந்து பாருங்கள். கூட இருப்பவர்களிடம் எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்படிச் சொல்வதால் நான் அன்று செய்தது சரி என்று ஆகிவிடாது. காற்று மத்தியானத்துக்கெல்லாம் அடங்கிவிட்டது. திரும்பித் தெற்கே போயிருந்தால் பெட்ரோல் போதுமானதாக இருந்திருக்கும் என்று சிலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நானும் அதே கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வருகிறது. செல்வத்தின் தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இப்போதும் வலது கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது, வலை இழுக்க முடியாது. நான் என்ஜினைத் தூக்கத் தாமதித்த அந்த ஒரு மூச்சுக்கு அவன் கொடுத்தது அது.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கட்டுப் போட்ட மறுநாள் போனேன். அவன் பொண்டாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

"செல்வம், நான் தெரியலன்னு சொல்லாம இருந்திருந்தா உனக்கு தைரியமாவது இருந்திருக்கும். அப்ப சொன்னது தப்பாடா?"

அவன் இடது கையை ஊன்றித் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து சாய்ந்தான்.

"நீ தெரியலன்னு சொன்னப்பதான்ணே எனக்கு பயமே வந்துச்சு."

"அதைத்தான்டா கேக்கிறேன்."

"பயம் வந்தப்புறம்தான்ணே கடலைப் பாத்தேன். அதுவரைக்கும் நான் உன் மூஞ்சியைத்தான் பாத்துனு வந்தேன்."